நம் நிரலை உட்கார்ந்து படிக்கும் அந்நியர்கள்: எக்ஸர்சிஸம் வழிகாட்டல் சேவை

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் 13 ஆண்டுகளாகக் கணக்கு எழுதுகிறேன். ஒவ்வொரு மாதமும் 14-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர் 2பி (சப்ளையர்கள் ஏற்றிய பில்களைக் காட்டும் ஜிஎஸ்டி பட்டியல்) வந்ததும், அதையும் எங்கள் கொள்முதல் பதிவேட்டையும் எக்ஸெலில் அருகருகே திறந்து வைத்துக்கொண்டு, சப்ளையர் ஏற்றிய பில் எண்ணும் நாங்கள் டேலியில் போட்ட பில் எண்ணும் ஒத்துப்போகின்றனவா என்று வரி வரியாகப் பார்ப்பதில் முழுதாக இரண்டு நாள் கழியும். நிரல் (கணினி புரோகிராம்) எழுதத் தெரிந்தால் இது அரை மணி வேலை என்று ஆடிட்டர் அலுவலகத்திலிருந்து வந்த பையன் ஒருவன் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனான். 38 வயதில் நான் பைத்தான் என்ற நிரல் மொழியைப் படிக்க உட்கார்ந்ததற்கு அந்த ஒரு வார்த்தைதான் காரணம். படிக்கத் தொடங்கியபின் தெரிந்தது, பாடங்களுக்குப் பஞ்சமே இல்லை என்பதும், படிக்கும்போது எழும் கேள்வியை யாரிடம் கொண்டுபோய்க் கேட்பது என்பதுதான் பெரும்பாடு என்பதும். அந்தச் சிக்கலுக்கு எனக்குக் கிடைத்த நல்ல வழி எக்ஸர்சிஸம் என்ற இலவசச் சேவை. ஓராண்டாகப் பயன்படுத்திய பிறகு அதைப் பற்றி எழுதுகிறேன்.

முதலில் நான் காசு கொடுத்துத்தான் கேட்டேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நகரின் தென்பகுதியில் உள்ள ஒரு பயிற்சி நிலையம், பெயர் வேண்டாம். ரூ. 22,000 கட்டணத்தில் மூன்று மாத வகுப்பும், அதன்பின் ஆயுளுக்கும் 'டவுட் கிளியரிங்' வசதியும் உண்டு என்றார்கள். அந்த வசதி எனப்பட்டது ஒரு வாட்ஸ்அப் குழு. அதில் என் கேள்வியைப் போடுவதற்குக் கணினித் திரையைச் செல்போனில் படம் பிடித்து அனுப்புவேன். படம் சாய்ந்திருக்கும், டியூப்லைட் வெளிச்சம் திரையின் நடுவில் விழுந்து பாதி வரியை விழுங்கியிருக்கும். கீழே "சார், எரர் வருது, ஹெல்ப் பண்ணுங்க" என்று எழுதுவேன். மூன்று நாள் கழித்துக் கட்டைவிரல் குறி ஒன்று வரும். ஒருமுறை மட்டும், "கிளாஸ்லயே சொன்னேனே மேடம்" என்று பதில் வந்தது. வகுப்பு முடிந்த மறுமாதமே அந்தக் குழு அடுத்த அணிக்கான சேர்க்கை விளம்பரங்களால் நிரம்பிவிட்டது. அவர்கள்மீது எனக்கு இன்னும் வருத்தம் உண்டு. ஆனால் அப்போது நான் அனுப்பிய கேள்விகளை இன்று எடுத்துப் பார்க்கும்போது, எவ்வளவு பொறுமைசாலியாக இருந்தாலும் அவற்றை வைத்துக்கொண்டு ஒருவர் எனக்கு என்ன சொல்லியிருக்க முடியும் என்றும் தோன்றுகிறது.

எக்ஸர்சிஸம் 2013-ஆம் ஆண்டு கத்ரீனா ஓவன் என்ற நிரலாளரால் தொடங்கப்பட்டது. அப்போது நிரலாக்கம் கற்பித்துக்கொண்டிருந்த அவர், தம் மாணவர்கள் அன்றாடம் செய்து பழகும் சிறு பயிற்சிகளுக்காக இதை உருவாக்கினார். இன்று 70-க்கும் மேற்பட்ட நிரல் மொழிகளுக்கு இதில் பயிற்சிப் பாதைகள் இருக்கின்றன. இலாப நோக்கற்ற அமைப்பு, நன்கொடையில் நடக்கிறது, கற்பவரிடம் ஒரு பைசா வாங்குவதில்லை. நாம் ஒரு மொழியைத் தேர்ந்தெடுத்து, 'ஹலோ வேர்ல்ட்' என்ற முதல் பயிற்சியை முடித்தவுடன் அடுத்தடுத்த பயிற்சிகள் திறக்கும். உலாவியிலேயே எழுதலாம், அல்லது நம் கணினியில் எழுதி அனுப்பலாம். அனுப்பியதும் தானியங்கிச் சோதனைகள் ஓடி, எது தேறியது, எது தவறியது என்று காட்டும். இதுவரை சொன்னதெல்லாம் வேறு பல தளங்களிலும் உள்ளவைதான். இதற்குப் பிறகு வரும் ஒரு பொத்தானுக்காகத்தான் நான் இந்தச் சேவையைப் பாராட்டுகிறேன். அதை அழுத்தினால், உலகில் எங்கோ இருக்கும் அனுபவமுள்ள ஒரு நிரலாளர், சம்பளம் எதுவுமின்றி, நாம் எழுதிய நிரலைத் திறந்து படித்து அதைப் பற்றி நம்மோடு எழுத்தில் உரையாடுவார். சோதனைகள் எல்லாம் தேறிய நிரலுக்கும் இப்படிக் கருத்துக் கேட்கலாம் என்பது எனக்கு முதலில் விளங்கவில்லை. விடை சரியாக வந்துவிட்ட கணக்கை வாத்தியாரிடம் எதற்காக மறுபடி காட்ட வேண்டும்?

'லீப்' என்ற பயிற்சியில் அது விளங்கியது. ஓர் ஆண்டைக் கொடுத்தால் அது லீப் ஆண்டா, இல்லையா என்று சொல்ல வேண்டும். 4-ஆல் வகுபட்டால் லீப் ஆண்டு. ஆனால் 100-ஆலும் வகுபட்டால் இல்லை. 400-ஆலும் வகுபட்டால் மறுபடி லீப் ஆண்டு. அதனால்தான் 1900 லீப் ஆண்டு இல்லை, 2000 லீப் ஆண்டு. நான் 400-இலிருந்து தொடங்கினேன்: 400-ஆல் வகுபடுகிறதா, ஆம் என்றால் 'ட்ரூ', இல்லையென்றால் 100-ஆல் வகுபடுகிறதா, ஆம் என்றால் 'ஃபால்ஸ்', இல்லையென்றால் 4-ஆல் வகுபடுகிறதா என்று ஒன்பது வரிகளில் எழுதி முடித்தேன். எல்லாச் சோதனைகளும் பச்சையாக ஒளிர்ந்தன. இருந்தாலும் பார்ப்போமே என்று பொத்தானை அழுத்திவிட்டுத் தூங்கிவிட்டேன். மறுநாள் காலை பெரம்பூரில் ரயில் ஏறி, வில்லிவாக்கம் தாண்டும்போது செல்போனில் பார்த்தால் பதில் வந்திருந்தது. அதில் நிரல் ஒரு வரிகூட இல்லை, இரண்டு கேள்விகள்தாம் இருந்தன. "1997-ஐக் கொடுத்தால் உங்கள் நிரல் எத்தனை கேள்வி கேட்டபின் விடை சொல்கிறது? உலகத்து ஆண்டுகளில் பெரும்பாலானவை 1997-ஐப் போன்றவையா, 2000-ஐப் போன்றவையா?"

பட்டரவாக்கத்தில் இறங்கும்வரை யோசித்துக்கொண்டே போனேன். நான்கில் மூன்று ஆண்டுகள் 4-ஆல் வகுபடாதவை. என் நிரலோ அவை ஒவ்வொன்றையும் 400 என்ற கதவிலும், 100 என்ற கதவிலும் நிறுத்திக் கேட்டுவிட்டுத்தான் மூன்றாவது கதவில் திருப்பி அனுப்புகிறது. 4 என்ற கதவை முன்னால் வைத்தால் முக்கால்வாசிக் கூட்டம் வாசலிலேயே கலைந்துவிடும். அன்றிரவு வரிசையை மாற்றி அனுப்பினேன். அடுத்த பதில், ஒரு நிபந்தனையின் விடையே ட்ரூ அல்லது ஃபால்ஸ் ஆக இருக்கும்போது, அதைப் பார்த்துவிட்டு மறுபடி ட்ரூ என்று எழுதித் திருப்பி அனுப்புவது எதற்கு என்று கேட்டது. மூன்றாம் சுற்றில் ஒன்பது வரிகள் ஒரே வரியாகிவிட்டன. 'அண்ட்' என்ற சொல்லின் இடப்பக்கம் பொய்யானால் பைத்தான் வலப்பக்கத்தைப் பார்ப்பதே இல்லை என்பதைப் பயிற்சி நிலையத்தில் எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும், அதை நானே என் நிரலில் தேடிப் பிடித்ததைப் போல மனத்தில் நின்றிருக்காது.

உரையாடல் நடக்கும் பக்கத்தில் ஒருபுறம் நம் நிரலும் மறுபுறம் மடல்களும் இருக்கும்; நாம் திருத்தி அனுப்பும் ஒவ்வொரு வடிவமும் எண்ணிட்டு அடுக்கப்பட்டிருக்கும். எது எப்போது மாறியது என்பதைப் பின்னால் புரட்டிப் பார்ப்பது, ஒரு பழைய கணக்குப் பேரேட்டைப் புரட்டுவதைப் போல எனக்குப் பிடித்த வேலை.

பேச்சு வழக்கங்களில் சில சங்கடங்கள் நேர்ந்தன. வழக்கம்போல வழிகாட்டி ஒருவருக்கு எழுதிய முதல் மடலை "சார்" என்று தொடங்கினேன். அவர் ஒரு பெண் என்பது மூன்றாம் மடலில்தான் தெரிந்தது. அனுபவமுள்ள நிரலாளர் என்றதும் ஆணாகத்தான் இருப்பார் என்று நானே, ஒரு பெண்ணாக இருந்துகொண்டு, எழுதியிருக்கிறேன். பெயர் சொல்லியே அழைக்கலாம் என்று அவர் எழுதினார். பழக எனக்கு ஒரு மாதம் பிடித்தது. இன்னொருமுறை, ஒருவர் சொன்ன யோசனை புரியாமல் "உங்கள் யோசனையில் எனக்கு ஒரு டவுட்" என்று ஆங்கிலத்தில் எழுதிவிட்டேன். நம் ஊரில் டவுட் என்றால் கேள்வி. தமிழில் 'சந்தேகம் கேட்பது' என்கிறோமே, அதன் நேர் வாரிசு அது. அவருக்கோ அது அவநம்பிக்கை. தாம் சொன்னது சரி என்பதற்கு இரண்டு சான்றுகளையும் பைத்தான் ஆவணத்தின் ஒரு பகுதியையும் மிகப் பணிவாக எடுத்து அனுப்பியிருந்தார். நான் அவரை மறுக்கவே இல்லை, புரியவில்லை என்று மட்டும்தான் சொல்ல வந்தேன் என்று விளக்க இன்னொரு மடல் தேவைப்பட்டது. சென்னையிலிருந்து இதில் சேர்பவர்கள் அந்த ஒரு சொல்லை மட்டுமாவது வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவது நல்லது.

இந்தச் சேவையில் எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த உரையாடல் ஒரு சொல்லைத் தலைகீழாக எழுதும் பயிற்சியில் நடந்தது. பைத்தானில் அது அரை வரி வேலை. சதுர அடைப்புக்குள் இரண்டு முக்காற்புள்ளியும் கழித்தல் ஒன்றும் போட்டால் முடிந்தது. தேறியபின், ஆசைக்கு 'தமிழ்' என்ற சொல்லைக் கொடுத்துப் பார்த்தேன். ஒட்ட இடமில்லாத ஒரு புள்ளி தலையில் தொங்க, அதன்பின் 'ழிமத' என்று வந்தது. 'மி'-யிலிருந்த கொக்கி கழன்று 'ழ'-வில் போய் மாட்டிக்கொண்டுவிட்டது. சொல்லின் நீளத்தைக் கேட்டால் 5 என்கிறது. ஒன்றாம் வகுப்புக் குழந்தைகூட 3 என்றுதான் சொல்லும். இதை அப்படியே எழுதி, நான் செய்தது தவறா, பைத்தான் செய்தது தவறா என்று கேட்டேன்.

வழிகாட்டிக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. எது எது உங்களுக்கு ஓர் எழுத்து என்று முதலில் எனக்குச் சொல்லுங்கள் என்றார். உயிரும் மெய்யும் கூடினால் உயிர்மெய், அது ஒரே எழுத்து, இப்படி மொத்தம் 247 என்று, பள்ளிக்கூடத்தில் ஒப்பித்ததை 25 ஆண்டு கழித்து ஓர் ஐரோப்பியருக்கு எழுதினேன். அவர், கணினியில் எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் ஒதுக்கும் யூனிகோடு முறையின் பக்கத்திலிருந்து விளக்கினார்: தமிழுக்கு ஒதுக்கப்பட்டவை 128 இடங்கள், உயிரெழுத்துகளுக்கும், க, ங முதலான அகரமேறிய மெய்களுக்கும் தனி இடம் உண்டு, புள்ளியும் காலும் கொம்பும் கொக்கியும் தனித்தனிக் குறிகளாகப் பதியப்படுகின்றன, ஆகவே 'தமிழ்' என்பது த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்ற ஐந்து குறிகளின் வரிசை, பைத்தான் அந்தக் குறிகளை எண்ணுகிறது, நீங்கள் எழுத்துகளை எண்ணுகிறீர்கள். கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் குறிகளைச் சேர்த்தே எடுக்க 'ரெஜெக்ஸ்' என்ற கூடுதல் தொகுதி உதவும் என்றார். அதை வைத்துச் செய்தபோது 3 என்று வந்தது. திருப்பினால் 'ழ்மித' என்று ஒழுங்காக வந்தது. ஆனால் 'க்ஷ'-வைக் கொடுத்தால் அதை இரண்டாக எண்ணியது. இலக்கணப்படி அது க், ஷ என்று இரண்டுதானே என்று அவரிடம் சொல்லிச் சமாதானம் அடைந்தேன். தமிழுக்கென்றே 'ஓபன்-தமிழ்' என்ற திறமூலப் பைத்தான் தொகுதி இருக்கிறது, அது எழுத்து எழுத்தாகப் பிரித்துக் கொடுக்கிறது என்பதைப் பிறகு நான் தேடிக் கண்டுபிடித்து அவருக்குச் சொன்னேன். கேட்டவளும் சொன்னவரும் இடம் மாறி மாறி அமர்ந்த அந்த நான்கு நாள் பேச்சுக்கு, 22,000 ரூபாய் வகுப்பில் ஈடாக எதுவுமே இல்லை.

குறைகளுக்கு வருகிறேன். வழிகாட்டிகள் அனைவரும் தன்னார்வலர்கள். வேலை, குடும்பம் போக மீதியுள்ள நேரத்தில் வருகிறவர்கள். ஆகவே நாளைக் காலைக்குள் பதில் வேண்டும் என்பவர்களுக்கு இது ஏற்றதன்று. எந்த மொழியைத் தேர்ந்தெடுக்கிறோம், அதில் எத்தனை வழிகாட்டிகள் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்துக் காத்திருப்பு கூடும், குறையும். ஒரே நேரத்தில் எத்தனை உதவிகளைக் கேட்கலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. தளத்தில் நம் நன்மதிப்புப் புள்ளி ஏற ஏற அது விரியும். செல்போனில் பதிலைப் படிக்கலாமே தவிர நிரல் எழுத மடிக்கணினி வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியமான எல்லை, இந்த வழிகாட்டல் தளத்தின் பயிற்சிகளுக்கு மட்டுமே உரியது என்பது. என் ஜிஎஸ்டி வேலையை இங்கே கொண்டுவந்து வைத்து உதவி கேட்க வழியில்லை.

அதற்கு, நிரலாளர்கள் கேள்வி கேட்டுப் பதில் பெறும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ என்ற தளத்தின் பக்கம் போக வேண்டியிருந்தது. ஜெஃப் அட்வுட்டும் ஜோயல் ஸ்போல்ஸ்கியும் 2008-இல் தொடங்கிய அந்தத் தளத்தின் இயல்பே வேறு. அங்கே ஒருவர் கேட்பதற்கு வரும் பதில் அவருக்கு மட்டுமானதன்று, பின்னால் அதே கேள்வியோடு வரப்போகும் ஆயிரம் பேருக்குமானது. அதனால்தான் ஏற்கெனவே கேட்கப்பட்டதைக் கேட்டால் மூடிவிடுகிறார்கள், தெளிவில்லாவிட்டால் எதிர்வாக்கு விழுகிறது. புதியவர்களுக்கு அந்த இடம் வரவேற்பாக இல்லை என்று 2018-இல் அந்த நிறுவனமே தன் வலைப்பதிவில் ஒப்புக்கொண்டு எழுதியது. போர்ச்சுகீசியம், ரஷ்யன், ஸ்பானிஷ், ஜப்பானியம் ஆகிய மொழிகளில் அதற்குத் தனித் தளங்கள் இருக்கின்றன, தமிழில் இல்லை. நான் இதுவரை அங்கே ஒரு கேள்வியும் கேட்டதில்லை. கேட்கத் தயாரானதே போதுமானதாக இருந்தது.

நடந்தது இதுதான். அட்டவணைகளைக் கையாளும் பாண்டாஸ் என்ற பைத்தான் தொகுதியைக் கொண்டு 2பி-யையும் எங்கள் பதிவேட்டையும் இணைத்தபோது, பொருந்த வேண்டிய பல பில்கள் பொருந்தவில்லை. கேட்பதற்கு முன், பிழையை மறுபடி உண்டாக்கக்கூடிய மிகச் சிறிய எடுத்துக்காட்டைத் தர வேண்டும் என்பது அந்தத் தளத்தின் விதி. 1,800 வரிகளை வெட்டி வெட்டி நான்கு வரிகளாக்கினேன். சப்ளையர்களின் 15 எழுத்து ஜிஎஸ்டி எண்களை வெளியிடக் கூடாது என்பதால் கற்பனை எண்கள் போட்டேன். நான்கே வரி என்றான பிறகு, ஒரு பக்கம் பில் எண் 00457 என்றும் மறுபக்கம் 457 என்றும் இருப்பது பளிச்சென்று தெரிந்தது. கோப்பைப் படிக்கும்போது பாண்டாஸ் அதை எண் என்று கருதி முன்னால் இருந்த பூஜ்ஜியங்களைத் தின்றுவிட்டது. பில் எண் உள்ள நெடுவரிசையை எழுத்தாகவே படி என்று ஒரு சொல் சேர்த்தால் தீர்ந்தது. அதே சிக்கலை எனக்குப் பல ஆண்டுகள் முன்பே யாரோ கேட்டு, யாரோ பதில் சொல்லியும் வைத்திருந்தார்கள். டியூப்லைட் விழுந்த படத்தை அனுப்பிக்கொண்டிருந்த நான், பிழைச் செய்தியின் கடைசி வரியை முதலில் படிக்கவும், அதை எழுத்தாக ஒட்டவும், எதிர்பார்த்தது என்ன, வந்தது என்ன என்று பிரித்து எழுதவும் பழகியது வழிகாட்டிக்கு நம் கேள்வியை எழுதும் எக்ஸர்சிஸத்தின் உதவிப் பெட்டியில்தான் என்பதால், இந்த வெற்றியிலும் அதற்குப் பங்கு உண்டு.

இதையெல்லாம் இன்று ஏஐ உதவியாளரிடம் கேட்டால் பத்து நொடியில் வந்துவிடாதா என்று அலுவலகத்தில் கேட்கிறார்கள். வரும். நள்ளிரவு இரண்டு மணிக்கும் முகம் சுளிக்காமல் வரும். ஆனால் அது முழு நிரலையும் கையில் கொடுத்துவிடுகிறது. மாதக் கடைசியில் அவசரத்தில் இருக்கும் என்னைப் போன்றவர்கள் அதை ஒட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறோம். 1997 எத்தனைக் கதவுகளில் நிற்கிறது என்று அது தானாக என்னைக் கேட்டதில்லை. நான் தவறாகச் சொல்லும்போது என்னோடு ஒத்துப்போய்விடும் பழக்கமும் அதற்கு இருக்கிறது. சாட்ஜிபிடி வெளிவந்த மறுமாதமே, 2022 டிசம்பரில், அதன் விடைகளைத் தங்கள் தளத்தில் ஒட்டுவதற்கு ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தடை விதித்தது; பார்வைக்குச் சரியாகத் தெரிந்து உள்ளே தவறாக இருக்கும் விடைகள் குவிந்ததே காரணம். வேலை முடிந்தால் போதும் என்ற நாள்களில் நானும் ஏஐ-யைத்தான் கேட்கிறேன். கற்கும் நாள்களில் கேட்பதில்லை.

நேருக்கு நேர் கேட்க விரும்புகிறவர்களுக்குச் சென்னையிலேயே இடம் உண்டு. பைத்தான் பயனர்களின் சென்னைபை குழு மாதத்தின் நான்காம் சனிக்கிழமை கூடுவது வழக்கம், கட்டணம் இல்லை. எனக்கு அது மாதக் கணக்கு முடிக்கும் வாரத்தில் வந்து விழுவதால், ஞாயிறு காலையில் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் மடிக்கணினியோடு உட்கார்ந்து எக்ஸர்சிஸம் பயிற்சி ஒன்றைச் செய்துவிட்டு வருவதே வசதியாக இருக்கிறது. சுற்றிலும் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் தலை நிமிராமல் இருக்கும் இடத்தில், நாமும் செல்போனை எடுக்கக் கூசுவோம்.

ஐந்துக்கு எத்தனை என்று கேட்டால் நான்கரை கொடுப்பேன். காத்திருக்கும் பொறுமை இல்லாதவர் மூன்று கொடுப்பார், அதுவும் நியாயம்தான். நிரலாக்கத்தைப் பிழைப்பாகக் கொள்ள நினைக்கும் இளையவர்களைவிட, என்னைப் போல வேறு வேலையில் இருந்துகொண்டு மெல்லக் கற்பவர்களுக்கு இது கூடுதலாகப் பொருந்தும் என்பது என் எண்ணம். பி.காம். முடித்துவிட்டு ஓஎம்ஆர் பக்கம் ஐடி வேலை தேடிக்கொண்டிருக்கும் என் அத்தை மகனிடம் இதைப் பற்றிச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சர்டிபிகேட் தருவாங்களாக்கா?" என்றான். எனக்கு எதுவும் வரவில்லை என்றேன். முதலில் ஹலோ வேர்ல்டை முடித்துவிட்டு வா, உதவிப் பெட்டியில் என்ன எழுதுவது என்று சேர்ந்து பார்க்கலாம் என்றும் சொன்னேன். மூன்று வாரம் ஆகிறது, இன்னும் முடிக்கவில்லை.